மார்ச்சில் தீர்த்தன் ஆறு, குறைந்த தெளிந்த தண்ணீர்: ட்ரவுட்டுக்கு எந்த ஃப்ளை எடுத்துப் போவது?

கொருக்குப்பேட்டை ராடு:

வணக்கம் நண்பர்களே. மார்ச் மூன்றாம் வாரம் நானும் என் மச்சானும் இமாச்சலப் பிரதேசத்தில் தீர்த்தன் ஆற்றுக்கு ட்ரவுட் மீன் பிடிக்கப் போகிறோம், டெல்லி வரைக்கும் ரயில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. இதுவரை எங்கள் தூண்டில் எல்லாம் எண்ணூர் முகத்துவாரமும் காசிமேட்டுக் கல்லும்தான், கொடுவா, பாறை, சீலா என்று லூர் (போலி இரை) போட்டுப் பழகிய கை. ஃப்ளை, அதாவது முள்ளில் கட்டிய போலிப் பூச்சி, வீசுகிற ராடு புதிதாக வாங்கியிருக்கிறோம், 9 அடி, 4 வெயிட் (லைனின் கன எண்), மிதக்கும் லைன். போய் வந்தவர்கள் சொல்வது என்னவென்றால், மேலே பனி இன்னும் சரியாக உருக ஆரம்பிக்காததால் மார்ச்சில் தண்ணீர் குறைவாகவும் அடியில் கிடக்கிற கல் ஒவ்வொன்றும் தெரிகிற அளவு தெளிவாகவும் இருக்குமாம், நாம் மீனைப் பார்ப்பதற்குள் மீன் நம்மைப் பார்த்துவிடுமாம். கேள்வி இதுதான்: எந்த ஃப்ளை வாங்குவது? 100 ஃப்ளை உள்ள பெட்டி ஒன்று ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கிவிடட்டுமா?

முகத்துவாரம்:

தம்பி, அந்தப் பெட்டியை இப்போதைக்கு விடுங்கள். ஃப்ளை பற்றிக் கடைசியில் பேசலாம். குறைந்த தண்ணீரில் எங்கே நிற்கிறீர்கள், எப்படி வந்து நிற்கிறீர்கள் என்பதில்தான் பாதிக்கு மேல் முடிந்துவிடுகிறது, இதை நான் எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடத் தயார்.

ட்ரவுட் ஓட்டத்தை எதிர்த்துத்தான் தலை வைத்து நிற்கும், மிதந்து வருகிற இரை நேராக வாய்க்கு வர வேண்டும் என்பதால். அதனால் தண்ணீர் இறங்குகிற பக்கத்திலிருந்து மேல்நோக்கி நடந்தால் அதன் வால் பக்கமாக வருவீர்கள். மேலிருந்து கீழே நடந்தால் நேராக அதன் முகத்துக்கு எதிரில் போய் நிற்பீர்கள், போதாக்குறைக்கு நீங்கள் மிதித்துக் கிளப்பிய மண்ணும் அதன் மேலேயே போகும்.

அப்புறம் பார்வை. தண்ணீருக்குள் இருக்கிற கண்ணுக்கு வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேலே ஒரு வட்டத்துக்குள்தான் தெரியும். ஒளி தண்ணீரில் நுழையும்போது வளைகிறது, அந்த வளைவால் பார்வை சுமார் 97 டிகிரி கூம்பாகக் குறுகிவிடுகிறது. மீன் ஓர் அடி ஆழத்தில் நின்றால் மேல்மட்டத்தில் அந்த வட்டத்தின் அகலம் ஏறத்தாழ 2 அடி 3 அங்குலம். அரை அடி ஆழத்தில் நின்றால் ஓர் அடியைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். வட்டத்துக்கு வெளியே மேல்மட்டம் முழுவதும் அடித்தரையைத்தான் திருப்பிக் காட்டும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் வருகிறது. ஒன்று, தாழ்வான கோணத்தில் இருக்கிற எதுவும் அந்த வட்டத்தின் ஓரத்தில் நசுங்கி மங்கலாகத்தான் தெரியும், சுமார் 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் தப்பித்தோம் என்று ஃப்ளைக்காரர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். 6 அடி ஆள் 30 அடி தூரத்தில் நிமிர்ந்து நின்றால் தலை 11 டிகிரியில் இருக்கும், மாட்டினீர்கள். அதே தூரத்தில் முட்டி போட்டு மூன்றரை அடிக்குக் குறைந்தால் 7 டிகிரிகூட இல்லை. அதனால் குனியுங்கள், முட்டி போடுங்கள், பாறைக்குப் பின்னால் நின்று வீசுங்கள். பின்னால் புதரோ பாறையோ இருக்கிற மாதிரி நின்றால் உங்கள் உருவம் வானத்தில் தனியாகத் தெரியாது. இரண்டாவது, மேல்மட்டத்துக்கு ஒட்டி நிற்கிற மீனுக்கு வட்டம் சின்னது, ஃப்ளை ஓர் அடி தள்ளி விழுந்தால் அது பார்க்கவே பார்க்காது. ஆழத்தில் நிற்கிற மீன் தூரத்திலிருந்தே ஃப்ளையைப் பார்க்கும், உங்களையும்தான்.

வெள்ளைச் சட்டை, பளபளக்கும் வாட்ச், தலைக்கு மேல் லைனை ஏழெட்டுத் தடவை ஆட்டுவது, எல்லாமே மீனை விரட்டும். லைனை ஆட்ட வேண்டியிருந்தால் மீனுக்குப் பக்கவாட்டில் ஆட்டித் தூரத்தைச் சரி பண்ணிக்கொண்டு, கடைசி வீச்சை மட்டும் மீன் பக்கம் திருப்புங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்களுக்குத் தண்ணீருக்குள் நன்றாகத் தெரியும், ஆனால் நிழல் முன்னால் விழும், ராடின் நிழலும் சேர்ந்து. நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் கால் வையுங்கள்.

பெரம்பூர் லோகோ:

முகத்துவாரம் அண்ணன் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் ஃப்ளையை இவ்வளவு தள்ளி வைப்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். கலங்கிய தண்ணீரில் மீனுக்கு யோசிக்க நேரம் கிடையாது. மெதுவாக ஓடுகிற தெளிந்த தண்ணீரில் ஃப்ளைக்குக் கீழேயே கூட மிதந்து வந்து மூக்கால் தொடுகிற மாதிரி பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிற மீனை நான் பார்த்திருக்கிறேன். அங்கே 12ஆம் நம்பர் பெரிய ஃப்ளை போட்டால் வேலைக்கு ஆகாது, 18, 20 வேண்டும் (நம்பர் கூடக் கூட ஃப்ளை சின்னது). வசந்த காலத்தில் அந்த ஆறுகளில் பறப்பது பெரும்பாலும் சின்னப் பூச்சிகள், பேட்டிஸ் வகை மேஃப்ளை, மிட்ஜ். அளவு சரியாக இல்லையென்றால் நீங்கள் படுத்துக்கொண்டு வீசினாலும் பிரயோஜனம் இல்லை.

முகத்துவாரம்:

லோகோ, அளவு முக்கியம் என்பதை மறுக்கவே இல்லை. அளவு, அப்புறம் உருவம், அதற்கப்புறம்தான் நிறம், இந்த வரிசையில் உங்களுக்கும் எனக்கும் சண்டை இல்லை. நீங்கள் சொன்ன அந்த மீன் ஃப்ளைக்குக் கீழே வந்து பார்த்தது என்றால், அதற்கு முன்னால் நீங்கள் அதை விரட்டாமல் வீசியிருக்கிறீர்கள். அந்த வேலையை முடித்தவருக்குத்தான் 18ஆ 20ஆ என்ற கேள்வியே வருகிறது. புதிதாகப் போகிற தம்பிக்கு அந்த இடம் வரைக்கும் வருவதுதான் பாடு.

இன்னொன்று, மீன் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுத் திரும்பினால் நிறையப் பேர் உடனே ஃப்ளையை மாற்றுகிறார்கள். பல சமயம் ஃப்ளை சரியாகத்தான் இருக்கும், இழுவைதான் காரணம். நடு ஆற்றில் ஓட்டம் வேகம், மீன் நிற்கிற ஓரத்தில் மெதுவு. லைன் வேக ஓட்டத்தில் விழுந்தால் ஃப்ளையை முன்னால் இழுத்துக்கொண்டு போகும். நிஜப் பூச்சி அப்படிப் போகாது, தண்ணீர் போகிற வேகத்துக்குத்தான் போகும். நம் கண்ணுக்குத் தெரியாத ஓர் அங்குல இழுவைகூடத் தெளிந்த தண்ணீரில் மீனுக்குத் தெரிகிறது.

இதற்கு வழி: வீசும்போதே லைன் காற்றில் இருக்கையில் ராடை மேல்நீர்ப் பக்கம் சாய்த்துப் போடுங்கள், ரீச் காஸ்ட் என்று சொல்வார்கள், லைன் மேலே தள்ளி விழுந்து ஃப்ளைக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். டிப்பெட்டை, அதாவது லைன் முனையில் கட்டுகிற லீடர் நரம்பின் நுனியில் ஃப்ளையைக் கட்டுகிற மெல்லிய நரம்பை, 4 அடிக்கு நீளமாக வைத்தால் அது சுருண்டு சுருண்டு விழுந்து, நேராகிற வரைக்கும் ஃப்ளை சுதந்திரமாக மிதக்கும். லைன் விழுந்த பிறகும் தூக்கி மேலே போடலாம், ஆனால் தெளிந்த தண்ணீரில் அந்த அசைவே மீனைக் கிளப்பிவிடும், முடிந்தவரை காற்றிலேயே வேலையை முடித்துவிடுங்கள்.

கொருக்குப்பேட்டை ராடு:

அண்ணே, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு மிக்க நன்றி. டிப்பெட் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள். நாங்கள் இங்கே 30 பவுண்டு பிரெய்டு, 40 பவுண்டு நரம்பு லீடர் போட்டுப் பழகியவர்கள். 5எக்ஸ், 6எக்ஸ் என்று படித்தால் தலை சுற்றுகிறது.

பெரம்பூர் லோகோ:

அது சுலபம் தம்பி. 11இலிருந்து எக்ஸ் எண்ணைக் கழியுங்கள், வருவது அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு தடிப்பு என்பது. 5எக்ஸ் என்றால் ஆயிரத்தில் 6, அதாவது சுமார் 0.15 மில்லிமீட்டர். 6எக்ஸ் என்றால் ஆயிரத்தில் 5, சுமார் 0.13. ஃப்ளை நம்பரை 3ஆல் வகுத்தால் எந்த எக்ஸ் பொருந்தும் என்று தோராயமாக வரும், 18ஆம் நம்பருக்கு 6எக்ஸ். லீடர் 9 அடி கடையில் வருவதை வாங்கி, நுனியில் டிப்பெட் சேர்த்து 12 அடிக்கு மேல் கொண்டு போங்கள். குறைந்த தண்ணீரில் தடித்த லைன் மீனிடமிருந்து எவ்வளவு தள்ளி விழுகிறதோ அவ்வளவு நல்லது.

மேலே மிதக்கிற ஃப்ளைக்கு நைலான், கீழே மூழ்குகிற நிம்ஃபுக்கு (தண்ணீருக்குள் வாழ்கிற இளம்பூச்சி மாதிரி கட்டிய ஃப்ளை) ஃப்ளோரோகார்பன். ஃப்ளோரோ தண்ணீரைவிட நன்றாகவே கனம், ஒளி வளைகிற அளவும் தண்ணீருக்கு நைலானைவிட நெருக்கம், அதனால் கண்ணில் படுவது குறைவு. மிதக்கிற சின்ன ஃப்ளையோடு கட்டினால் நுனியைக் கீழே இழுக்கும்.

முடிச்சை எச்சிலால் நனைத்து மெதுவாக இறுக்குங்கள். கொடுவாவுக்கு இழுக்கிற மாதிரி ராடை வெடுக்கென்று தூக்கினால் 6எக்ஸ் பொட்டென்று போய்விடும். மேலே மிதக்கிற ஃப்ளையை மீன் எடுத்தால் ராடு நுனியை நிதானமாக உயர்த்தினாலே முள் ஏறிவிடும்.

தாழங்குப்பத்தான்:

நான் ட்ரவுட் பிடித்ததில்லை, பிடிக்கப் போவதும் இல்லை, ஆனால் இந்த இழையைப் படித்துக்கொண்டே வருகிறேன். முகத்துவாரம் சொல்கிற அத்தனையும் நம் மடவைக்கும் பொருந்தும். வாடைக்காற்று ஓய்ந்து தண்ணீர் தெளிந்த நாளில், முழங்கால் ஆழத்தில் மேய்கிற மடவைக் கூட்டத்துக்குக் கிட்டே போய்ப் பாருங்கள், கை தூக்கினால் போதும், கூட்டம் இருந்த இடம் தெரியாது. எங்கள் பெரியவர்கள் வீச்சு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு உடம்பைக் குறுக்கி, காலைத் தண்ணீருக்கு வெளியே எடுக்காமல் தேய்த்துத் தேய்த்து நடப்பார்கள். சலசலப்பே இருக்காது. நிழல் மீன் மேல் விழாத பக்கமாகச் சுற்றிக்கொண்டுதான் போவார்கள், அவசரப்பட்ட ஆளைக் கூட்டிக்கொண்டே போக மாட்டார்கள்.

அதனால் தம்பி, டெல்லி ரயில் ஏறுவதற்கு முன்னால் எண்ணூர்ப் பக்கம் அதிகாலையில் வந்து அந்த நாலு வெயிட் ராடோடு மடவைக்கு முயற்சி செய்யுங்கள். ரொட்டித் துண்டு மாதிரி வெள்ளையாக ஒரு ஃப்ளை கட்டிக்கொள்ளுங்கள். மீன் விழுகிறதோ இல்லையோ, கிட்டே போகப் பழகிவிடுவீர்கள். ஒன்று மட்டும், கழிமுகத்தில் எல்லா இடத்திலும் கால் வைக்காதீர்கள். சாம்பல் படிந்த சேறு இடுப்பு வரை இழுக்கிற இடங்கள் இருக்கின்றன, 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் வந்து படிந்ததையும் யாரும் மறக்கவில்லை. உள்ளூர் ஆளிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். அந்த ஆற்றைத் தெளிவாக வைத்திருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதும்போது எனக்கு நம் கொசஸ்தலையாறுதான் ஞாபகம் வருகிறது, மனசு கேட்கவில்லை.

முகத்துவாரம்:

தாழங்குப்பத்து அண்ணே, தீர்த்தனும் தானாகத் தெளிவாக இருந்துவிடவில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் புனல்மின் திட்டங்கள் வர இருந்தபோது ஊர் மக்கள் எதிர்த்து நின்று, நீதிமன்றம் வரைக்கும் போய்த் தடுத்திருக்கிறார்கள். தீர்த்தன் புறப்படுகிற மலைப்பகுதி பெரிய இமாலயத் தேசியப் பூங்காவுக்குள் வருகிறது, 2014இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பூங்கா. ஆறு லார்ஜியில் பியாஸ் ஆற்றோடு சேர்கிறது, அங்கே பியாஸில் அணை இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கிறவருக்கு வித்தியாசம் உறைக்கும்.

ஃப்ளை ராடை உப்புத் தண்ணீரில் போட்டால் வீட்டுக்கு வந்ததும் ரீல், லைன் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள் தம்பி.

வண்ணாரப்பேட்டை வாசகி:

இந்தத் துறையில் நான் தூண்டில் போடுகிறவள் இல்லை, படிக்கிறவள். ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். ட்ரவுட் இந்திய மீன் இல்லை. பிரவுன் ட்ரவுட் முதலில் காஷ்மீருக்கு ஸ்காட்லாந்து முட்டைகளிலிருந்து வந்தது, அங்கிருந்து 1909இல் தீர்த்தன் ஓடுகிற குலுப் பகுதிக்குக் கொண்டு போனார்கள். நம் நீலகிரியில் ரெயின்போ ட்ரவுட்டை ஊன்றவைத்தவர் அன்றைய சென்னை மாகாண அரசின் மீன்வள நிபுணர் ஹென்றி வில்சன், அவலாஞ்சியில் பொரிப்பகம் 1907இல் தொடங்கியது. ஆங்கிலேயர்களின் பொழுதுபோக்குக்காக வந்த மீன் இது. இமயமலை ஆறுகளுக்குச் சொந்தமான மீனை அங்கே அஸ்லா என்கிறார்கள், ஷைசோதோராக்ஸ் இனம். பாறையில் ஒட்டிய பாசியைத் தின்று வாழ்கிற மீன், அதை பிரவுன் ட்ரவுட் நெருக்கி விரட்டுகிறது என்று ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். தெளிந்த ஆறு என்று கொண்டாடும்போது இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

முகத்துவாரம்:

வாசகி அம்மா, சரியாகச் சொன்னீர்கள், மறுக்க ஒன்றும் இல்லை. நான் இப்படிப் பார்க்கிறேன்: நூறு வருஷத்துக்கு மேல் அங்கே முட்டை போட்டுப் பெருகிவிட்ட மீனை இனி எடுத்துவிட முடியாது. ஆனால் அது இல்லாத ஓடைகளில் கொண்டு போய் விடுகிற ஆசையை நிறுத்த முடியும், நிறுத்த வேண்டும். தூண்டிலில் அஸ்லா மாட்டினால் கையை நனைத்துக்கொண்டு உடனே விட்டுவிடுங்கள். அஸ்லாவின் வாய் தலைக்கு அடியில் இருக்கும், உடம்பில் செதில் மிகப் பொடி. பிரவுன் ட்ரவுட்டுக்கு பக்கவாட்டில் கறுப்பும் சிவப்புமாகப் புள்ளிகள், வாய் நேர் முன்னால். குழப்பமே வராது.

கொருக்குப்பேட்டை ராடு:

இதெல்லாம் எனக்குப் புதுச் செய்தி, நன்றி அக்கா. இன்னொரு சந்தேகம். இங்கே நாங்கள் விடியற்காலை ஐந்து மணிக்குக் கல்லில் நிற்போம், வெயில் ஏறினால் கிளம்பிவிடுவோம். அங்கேயும் அப்படித்தானா?

பெரம்பூர் லோகோ:

வேண்டாம், நன்றாகத் தூங்குங்கள். மார்ச்சில் அந்தத் தண்ணீர் ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடக்கும். ட்ரவுட் நன்றாக மேய்வது 10இலிருந்து 16 டிகிரி செல்சியஸ் வரை. அதற்குக் கீழே போகப் போக மந்தமாகி அடியோடு ஒட்டிக்கொள்ளும், நிம்ஃபை மூக்குக்கு முன்னால் கொண்டு போனால்தான் வாயைத் திறக்கும். பள்ளத்தாக்கு குறுகலாக இருப்பதால் வெயிலே தாமதமாகத்தான் தண்ணீரைத் தொடும். பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரைதான் நல்ல நேரம், பேட்டிஸ் பறப்பதும் அப்போதுதான், மேகம் மூடிய நாளாக இருந்தால் இன்னும் அதிகம். ஒரு சின்ன தெர்மாமீட்டர் வாங்கிச் சட்டைப் பையில் வையுங்கள். காலையில் ஆற்றோரம் போய்ச் சும்மா உட்கார்ந்து பாருங்கள், முழங்கை அளவு தண்ணீரில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள், அடியில் ஒட்டியிருக்கிற பூச்சி எந்த அளவு, எந்த நிறம் என்று தெரிந்தால் பெட்டியில் எதை எடுப்பது என்று அதுவே சொல்லிவிடும். கல்லைத் திரும்ப அப்படியே வைத்துவிடுங்கள்.

முகத்துவாரம்:

இப்போது ஃப்ளைக்கு வரலாம். 100 வேண்டாம். பாரசூட் ஆடம்ஸ் 16, 18. கிரிஃபித்ஸ் நாட் 18, 20, இது மிட்ஜுக்கு. ஃபெசன்ட் டெய்ல் நிம்ஃப் 16, 18, கனம் அதிகம் இல்லாதது, தங்க மணி வைத்தது தெளிந்த தண்ணீரில் சில சமயம் பயமுறுத்தும், அதனால் கறுப்பு மணியோ மணி இல்லாததோ பாருங்கள். ஹேர்ஸ் இயர் 14, 16 ஒன்றிரண்டு, வேகமான துள்ளல் நீருக்கு. ஒவ்வொன்றிலும் நான்கைந்து போதும், மரத்திலும் பாறையிலும் போகிறதற்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எல்லாவற்றிலும் முள்ளின் நுனியில் பின்னோக்கி இருக்கிற சின்னக் கொக்கியைக் குறட்டால் அமுக்கிவிடுங்கள், மீனுக்கும் நல்லது, உங்கள் காதுக்கும் நல்லது.

எங்கே போடுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் குறைந்த ஆற்றில் புதிதாக வருகிறவர்கள் ஆழமான மடுவுக்கே ஓடுவார்கள். அங்கே மீன் தெரியும், ஆனால் அசையாத தண்ணீர், மீன் எல்லாவற்றையும் பார்க்கும். மடுவுக்குத் தண்ணீர் இறங்கி விழுகிற தலைப்பகுதி, மேல்மட்டம் சிலும்பிக் கலைந்த இடம், அங்கே பாருங்கள். அந்தச் சிலும்பல் உங்களை மறைக்கும், தண்ணீரில் கலந்த காற்றும் அங்கே அதிகம், இரையும் அங்கேதான் முதலில் வருகிறது. பாறைக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிற சின்னச் சின்னக் குழிகளை முழங்கால் ஆழம்தானே என்று தாண்டிப் போகாதீர்கள். முதலில் கிட்டே இருக்கிற தண்ணீரில் வீசுங்கள், அப்புறம் கொஞ்சம் தள்ளி. நேராகத் தூரத்தில் வீசினால் கிட்டே இருந்த மீன் பயந்து மேலே ஓடும், அதைப் பார்த்து மற்றதும் ஓடும். ஒரு மடு கலைந்துவிட்டால் அங்கேயே நின்று அடித்துக்கொண்டிருக்காதீர்கள், மேலே நடங்கள்.

ஆற்றுக்குள் எவ்வளவு குறைவாக இறங்குகிறீர்களோ அவ்வளவு நல்லது. இன்னொரு காரணமும் இருக்கிறது. பிரவுன் ட்ரவுட் பின்னிலையுதிர் காலத்தில் சரளைக்கல்லைக் கிண்டி முட்டை போடும். குளிர்ந்த தண்ணீரில் முட்டை பொரிய மாதக்கணக்கில் ஆகும், பொரிந்த குஞ்சு கொஞ்ச காலம் கல்லுக்குள்ளேயே கிடந்து வசந்தத்தில்தான் வெளியே வரும். மடு முடிகிற இடத்தில் சுத்தமான பொடிச் சரளை பரவிக் கிடந்தால் அதன் மேல் நடக்காதீர்கள், சுற்றிப் போங்கள். சீசன் நவம்பரிலிருந்து பிப்ரவரி கடைசி வரை மூடி வைத்திருப்பதே இதற்காகத்தான், நம் ஊரில் ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம் வைக்கிறதும் மீன் பெருகத்தானே.

தாழங்குப்பத்தான்:

குஞ்சு கிடக்கிற இடத்தில் மிதிக்காதே என்று யாரோ ஒருத்தர் எழுதியது சந்தோஷமாக இருக்கிறது.

கொருக்குப்பேட்டை ராடு:

பெட்டியை வாங்கவில்லை. முகத்துவாரம் அண்ணன் சொன்ன பட்டியலை அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன். இந்த ஞாயிறு மச்சானைக் கூட்டிக்கொண்டு தாழங்குப்பம் வருகிறோம் அண்ணே, நீங்கள் இருந்தால் எங்கே இறங்கலாம் என்று காட்டுங்கள். தண்டையார்பேட்டையில் பக்கத்துப் பள்ளி மைதானத்தில் கம்பளி நூல் துண்டைக் கட்டி வீசிப் பழக ஆரம்பித்திருக்கிறோம், டயர் ஒன்றைப் போட்டு அதற்குள் விழ வைக்கப் பார்க்கிறோம். லைசென்ஸ், போகிற வழி இரண்டும் யாராவது சொன்னால் போதும்.

பெரம்பூர் லோகோ:

டயரை 30 அடியில் வையுங்கள், அதைவிடத் தூரம் இப்போது தேவையில்லை. முட்டி போட்டுக்கொண்டும் வீசிப் பழகுங்கள், நின்றபடி மட்டும் பழகினால் அங்கே போய் பின்பக்கம் லைன் புல்லில் மாட்டும்.

டெல்லியிலிருந்து மணாலி போகிற ராத்திரி பஸ்ஸில் ஏறி ஆவ்ட்டில் இறங்குங்கள். சுரங்கப்பாதைக்கு முன்னாலேயே இறக்கிவிடச் சொல்லி நடத்துநரிடம் ஏறும்போதே சொல்லிவிடுங்கள், விடியற்காலைத் தூக்கத்தில் தாண்டிப் போனால் திரும்பி வர வேண்டும். அங்கிருந்து பஞ்சார் பக்கம் போகிற பஸ்ஸோ டாக்சியோ பிடிக்கலாம், ஆற்றை ஒட்டித்தான் சாலை. லைசென்ஸ் மாநில மீன்வளத் துறை கொடுக்கிறது, நாள் கணக்கில் வாங்கலாம். எத்தனை மீன் வைத்துக்கொள்ளலாம், எந்த நீளத்துக்குக் கீழே விட வேண்டும் என்பதை வாங்கும்போதே கேட்டு, சீட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், ஆற்றோரத்தில் காவலர் கேட்பார்.

ஸ்வெட்டர் மறக்காதீர்கள், மார்ச்சில் சென்னை வெயிலில் பை கட்டும்போது அது தேவை என்றே தோன்றாது. கரும்பச்சையோ பழுப்போ எடுங்கள்.